நான்காம் தறி ஜெயசித்ரா

2022 நவம்பர் 18, வெள்ளி – 25
2023 பிப்ரவரி 13, திங்கள் – 55
2023 ஏப்ரல் 26, புதன் – 50
2023 ஜூலை 28, வெள்ளி – 55
2023 அக்டோபர் 17, செவ்வாய் – 40
2024 பிப்ரவரி 8, வியாழன் – 45
2024 மார்ச் 16, சனி – 50
2024 ஜூன் 12, புதன் – 35
2024 ஆகஸ்ட் 30, வெள்ளி – 75
ஆக, முறை 9. மொத்தம் 430.

இவை நிமிடங்கள். நான்காம் தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏற்றி ஓட்டத் தொடங்கிய நேரத்துக்கும், தொடங்கியதாக நான் பதிவேட்டில் ஏற்றிய நேரத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம். ஒன்பது முறையும் தறியை ஓட்டியவர் ஜெயசித்ரா. இது அவரைப் பற்றியது. என்னைப் பற்றியும் சொல்லாமல் முடியாது என்பதால் சொல்கிறேன்.

ஜெயசித்ரா 1988 மார்ச்சில் பிறந்தவர். அப்பா மூக்காண்டி, புளியங்குடி ரோட்டில் ஒரு கிராமத்தில் வயல் வேலை செய்தவர். பள்ளி விடுமுறையில் ஜெயசித்ரா புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் காய் பிரிக்கப் போவார். பிளஸ் டூ முடித்ததும் சங்கரன்கோவிலில் சேலைத் தறிக்கு வந்தார். கணவர் கோமதிசங்கர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு மகள், இப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் கம்பெனியில் ஜெயசித்ரா சேர்ந்தது 2017 ஜூன் 5, திங்கட்கிழமை.

எங்கள் கம்பெனி சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு பவர்லூம் ஷெட்தான். உள்ளே நெய்வது சேலை அல்ல, நைலான் பட்டை. விமானத்திலிருந்து குதிப்பவரின் தோளையும் தொடையையும் சுற்றிப் பிடிக்கும் பட்டை. விமானங்களுக்கும் ராணுவத்துக்கும் பொருள் செய்யும் பெங்களூர் கம்பெனி ஒன்று அதை எங்களிடம் வாங்கிப் பாராசூட்டில் வைத்துத் தைக்கிறது. முதலாளி ராம்சங்கர். அவருடைய அப்பா காலத்தில் அங்கே சேலை நெய்தார்கள்.

சேர்ந்த அன்று ஜெயசித்ரா பட்டையைக் கையில் எடுத்து, "இது எதுக்கு அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டார். ஓர் ஆள் இதில் தொங்கியபடி வானத்திலிருந்து இறங்குவான் என்றேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், கூரைக் கம்பியில் பட்டையைப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். சுற்றிப் பெண்கள் சிரித்தபடி நின்றார்கள்.

"ஏம்மா, என்ன இது?"

"ஒரு ஆளத் தாங்குமான்னு பாக்கேன் அண்ணாச்சி. அறுவத்திரெண்டு கிலோ. எழுதிக்கிடுங்க."

அதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது என்றேன். "மெஷினுக்கு விழுந்தா வலிக்காதுல்லா" என்றார்.

நான் தில்லைநாயகம். 1951இல் பிறந்தவன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தராக இருந்து 2009இல் ஓய்வு பெற்றேன். 2016இல் ராம்சங்கர் வீடு தேடி வந்து கூப்பிட்டார். பெங்களூர்க்காரர்களுக்குப் பட்டை மட்டும் போதாது, அதன் வரலாறும் வேண்டும். எந்த நூல், எந்தத் தறி, யார் ஓட்டியது, எந்த நாள் என்று ஒவ்வொரு மீட்டருக்கும் பதிவு கேட்டார்கள். அதற்கு நான்தான் ஆள் என்று ராம்சங்கர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2022 நவம்பரில் நான்காம் தறி ராணுவப் பட்டைக்கு மாற்றப்பட்டது. அதற்கான பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதல்: 'பாவு ஓடத் தொடங்கிய நேரம்'. ஓட்டுபவர் ஒரு சீட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நான் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

சேலை நெய்த காலத்தில் புதுப் பாவு ஏற்றினால் தறிக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, ராகுகாலம் கழிந்த பிறகே ஓட்டுவார்கள். பெங்களூர் அவசரம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பாவு ஏறியதும் தறி ஓடியாக வேண்டும். ஓடினால் ஓடட்டும், காகிதத்தில் மட்டும் ராகுகாலம் ஏற வேண்டாம் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். யாரும் சொல்லவில்லை. ராம்சங்கருக்கும் தெரியாது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பல அதிகாரிகள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். ராகுகாலத்தில் பொறுப்பேற்றதாக ஒருவர் பெயரும் என் பதிவேட்டில் கிடையாது. அவர்கள் கையெழுத்துப் போட்டது எப்போதாக இருந்தாலும் நான் எழுதியது நல்ல நேரம். அதை நான் பொய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடுவதுபோல ஒரு மங்கலம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நவம்பர் 18 அன்று ஜெயசித்ரா கொண்டுவந்த சீட்டில் 10.50 என்று இருந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்குகிறது. சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஜெயா, பத்து இருபத்தஞ்சுன்னு எழுதிக் குடு."

"பத்து அம்பதுக்குல்லா அண்ணாச்சி ஓட்டுனேன்."

"புதுப் பாவு ராகுகாலத்துல ஆரம்பிச்சதா எழுதப்பிடாது."

"அப்பம் நீங்களே எழுதிக்கிடுங்க."

"சீட்டு ஒன் கையெழுத்துலதான் இருக்கணும். ரூல் அது."

ஜெயசித்ரா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரூலும் வேணும், ராகுகாலமும் ஆவாது. ஒங்ககிட்ட வேல பாக்கதுக்கு ரெண்டு கடியாரம் கட்டணும் போல" என்று சொல்லி, வேறு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஒவ்வொரு புதுப் பாவுக்கும் வாசலில் நின்று கேட்பார்: "அண்ணாச்சி, நெச நேரமா, நல்ல நேரமா?" ஷெட்டில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. நானும் சிரித்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்வேன். நான்காம் தறியில் மொத்தம் நாற்பத்தோரு பாவு ஏறியது. முப்பத்திரண்டுக்கு நிஜ நேரம். ஒன்பதுக்கு நல்ல நேரம்.

இனி முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் ஒரு பட்டைச் சுருள் சரியானது என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை இல்லை. பெங்களூர் கம்பெனி சோதித்துத் தேர்ந்தெடுத்தவருக்கு ஓர் எண் பொறித்த சிறு முத்திரையைத் தரும். அந்த எண் அவர் ஒருவருக்கே உரியது. பட்டை எந்த நாட்டில் எந்த விமானத்தில் இருந்தாலும், பார்த்தது இவர்தான் என்று அந்த எண் சொல்லும். எங்கள் ஊரில் முத்திரை வைத்திருப்பவர் எவருமில்லை. பெங்களூரிலிருந்து வாரம் ஒருமுறை ஆள் வருவார். 2024இல், இங்கேயே ஒருவருக்கு முத்திரை தரலாம் என்று எழுதினார்கள். தேர்வு மூன்று நாள். ராம்சங்கர் இருவரை அனுப்பினார். ஜெயசித்ரா நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கினார். இன்னொருவர் தேறவில்லை.

தேர்வு முடிந்த பிறகு இரண்டு மாதம் ஜெயசித்ராவுக்கு வேறு பேச்சில்லை. முத்திரை வந்தால் நைட் ஷிப்ட் கிடையாது. மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது மாலையில் வீட்டில் இருக்கலாம். உட்கார நாற்காலி உண்டு. கோமதிசங்கர் ஆட்டோவின் பின்னால் முத்திரை எண்ணை எழுதப்போவதாகக் கேலி செய்தாராம். "எழுதட்டும் அண்ணாச்சி, போலீஸ் பிடிச்சா ராணுவ வண்டின்னு சொல்லிக்கிடலாம்" என்றார் ஜெயசித்ரா.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். தேறியவரின் இரண்டு ஆண்டுப் பதிவுகளைப் பெங்களூரிலிருந்து வந்து சரிபார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை முகம்மது ஆரிப் வந்தார். பெங்களூர் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. சொந்த ஊர் கடையநல்லூர். நாற்பது வயதிருக்கும். காலை முழுவதும் பதிவேடுகளைப் புரட்டினார். "இப்படி ஒரு கையெழுத்த நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி" என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

பன்னிரண்டரை மணிக்கு இரண்டு பதிவேடுகளை அருகருகே விரித்து வைத்தார். ஒன்று தறிப் பதிவேடு. ஆகஸ்ட் 30, நான்காம் தறி, புதுப் பாவு, 10.15. மற்றது மின்தடைப் பதிவேடு. ஆகஸ்ட் 30, 10.05 முதல் 11.25 வரை மின்சாரம் இல்லை. இரண்டும் என் கையெழுத்து.

"கரண்டு இல்லாமத் தறி எப்படி அண்ணாச்சி ஓடுச்சு?"

ஒரே நாளில், ஒரே பேனாவால் இரண்டையும் எழுதியிருக்கிறேன். இரண்டும் மோதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தறிப் பதிவேட்டின் அந்தக் கட்டம் எனக்கு நேரம் எழுதும் கட்டமாகவே இருந்ததில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆரிப் நம் பக்கத்து ஆள். இரண்டு வரியில் புரிந்துகொண்டிருப்பார். ஆனால் என் பதிவேட்டில் ஒரு பொய் இருக்கிறது என்று, ஐந்து நிமிடம் முன்பு என் கையெழுத்தைப் பாராட்டிய மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தது வேறு.

"ஓட்டுறவங்க சீட்டுல என்ன இருக்கோ, அதத்தான் நான் ஏத்துவேன்."

ஆரிப் ஜெயசித்ராவை வரச் சொன்னார். பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து நின்றார். சீட்டைக் காட்டினார் ஆரிப்.

"இது ஒங்க கையெழுத்தாம்மா?"

"என் கையெழுத்துதான் சார்."

"பத்தே காலுக்கு ஓட்டுனீங்களா?"

"இல்ல சார். கரண்டு வந்த பொறவு, பதினொன்னரைக்கு."

"பின்ன ஏன் இப்படி எழுதுனீங்க? யாராவது எழுதச் சொன்னாங்களா?"

ஜெயசித்ரா என்னைப் பார்த்தார். அவர் பயப்படவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி, சிரிக்கக்கூடத் தயாராக நின்றார். நான் மேசைமேல் இருந்த கார்பன் தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி இங்கனதான இருக்காக. அவுககிட்டயே கேளுங்க சார்."

ஆரிப் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

ஜெயசித்ராவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அது போவதை நான் பார்க்கவில்லை. கார்பன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலைக்குள் ஆரிப், தறி ஓடும் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் எலெக்ட்ரானிக் கவுண்டரை எடுத்துப் பார்த்து மற்ற எட்டையும் கண்டுபிடித்தார். அக்டோபர் 9ஆம் தேதி கடிதம் வந்தது. பதிவில் பொய் எழுதிய ஒருவருக்கு எக்காலத்திலும் முத்திரை தர இயலாது. ராணுவப் பட்டை நெய்யும் தறிகளிலும் அவரை வைக்கக் கூடாது. மறுநாளே ஜெயசித்ராவைப் பின் ஷெட்டில் பள்ளிக்கூடப் பைகளுக்குப் பட்டை நெய்யும் தறிக்கு மாற்றினார்கள். ஆயுத பூஜை விடுமுறை போக ஏழு நாள் வேலை செய்தார். 19ஆம் தேதி, சனிக்கிழமை நின்றுவிட்டார். பழையபடி சேலைத் தறிக்குப் போனார்.

நான் என் நாற்காலியில் இருந்தேன். "ஒங்க ரெஜிஸ்டர் இருக்கப்போய்க் கம்பெனி தப்பிச்சுது அண்ணாச்சி" என்றார் ராம்சங்கர். நான் தலையாட்டினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஷெட்டில் என்னிடம் யாரும் சண்டை போடவில்லை. நான் கடந்து போகும்போது பெண்கள் மணி கேட்கத் தொடங்கினார்கள். "அண்ணாச்சி, மணி என்ன?" சொன்னால், "நெசமாவா?" என்பார்கள். ஒருநாள் கேட்டில் காவலாளி ஆறுமுகச்சாமியும் கேட்டார். அவர் கையில் கடிகாரம் கட்டியிருந்தார்.

வீட்டில் என் மனைவி காந்திமதியம்மாளுக்கு நவம்பரில்தான் செய்தி போனது. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பிள்ள திரும்பச் சேலத்தறிக்குப் போயிட்டாமே? நீங்க ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

"எங்க அம்மா செத்த அன்னைக்கு டாக்டர் எத்தன மணிக்கு வந்தாருன்னு இன்னைக்கும் சொல்லுவீங்க. ஒங்களுக்கா ஞாபகம் இல்ல?" என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றாமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம்தான் இந்தப் பட்டியலைத் தயாரித்தேன். ராம்சங்கரிடம் கொண்டுபோய்ப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். "இத அனுப்புனா நீங்க எழுதுன எல்லாத்தையும் சந்தேகப்படுவான் அண்ணாச்சி. நாப்பது பேர் சோறு. அந்தப் பிள்ளைக்கு நான் பின்னால எதாவது செய்யுதேன்." நாற்பது பேர் என்பது எனக்கு நல்ல காரணமாக அமைந்தது. பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நவம்பர் போயிற்று, டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று.

2025 பிப்ரவரி 6, வியாழக்கிழமை ஜெயசித்ரா கம்பெனிக்கு வந்தார். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதை எழுதுவதும் நான்தான். சேர்ந்த தேதி, நின்ற தேதி எழுதினேன். 'நடத்தை' என்ற இடத்தைக் காலியாக விட்டு நீட்டினேன். அப்படி விடச் சொல்லியிருந்தார் ராம்சங்கர்.

ஜெயசித்ரா அதை வாசித்தார். காலி இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கன என்ன அண்ணாச்சி? ஞாபகம் இல்லயா?"

நான் சீல் டப்பாவைத் திறந்து மூடினேன்.

"நான் ஏசதுக்கு வரல. பஸ்ல வரும்போது நெனச்சேன், அண்ணாச்சி மொகத்தப் பாத்தாக் கோவம் வரும்னு. வரல. ஒங்களப் பாத்தாப் பாவமா இருக்கு" என்றார். "நல்ல நடத்தைன்னு எழுதுங்க. இல்லன்னா கிழிச்சுப் போடுங்க. காலியா விட்டா நான் எதயோ திருடுன மாதிரில்லா இருக்கு."

'நன்று' என்று எழுதி, கம்பெனி சீல் வைத்துக் கொடுத்தேன். அந்தச் சான்றிதழ் பேண்டேஜ் கம்பெனியில் பயன்படவில்லை. வேறு யாருக்கோ வேலை கொடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 10, திங்கட்கிழமை பெங்களூருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். ஒன்பது தேதிகள், 430 நிமிடங்கள், நான் சொன்னது, ஜெயசித்ரா மறுத்தது, செப்டம்பர் 24 அன்று நான் சொன்ன பொய், நான்கு மாதத் தாமதம், எல்லாம் எழுதினேன். ராஜினாமாக் கடிதத்தை ராம்சங்கர் மேசையில் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆரிப் தொலைபேசியில் அழைத்தார்.

"ஒம்போதும் ராகுகாலம்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. நானும் இந்த ஊர்க் காலண்டர் பாத்து வளந்தவன்தான்."

"பின்ன ஏன் தம்பி நீங்க..."

"நான் நெனச்சத ரிப்போர்ட்டுல எழுத முடியாது. யாராவது வாயால சொல்லணும். ஒங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

பிறகு நடந்தவை: இரண்டு மாதம் எங்கள் கம்பெனியிலிருந்து பட்டை வாங்குவதை நிறுத்தி வைத்தார்கள். ஷெட்டில் பாதிப் பேருக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை. ஒன்பது பாவிலிருந்தும் எடுத்து வைத்திருந்த மாதிரிகளை மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. ஜெயசித்ரா நெய்ததில் ஒரு குறையும் இல்லை. ஏப்ரலில் மீண்டும் வாங்கத் தொடங்கினார்கள். இனி நேரத்தைக் கவுண்டரே பதியும். எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவர்களுக்குப் போகும் எந்தக் காகிதத்திலும் நான் கையெழுத்திடக் கூடாது. சரிதான்.

ஜெயசித்ராவின் முத்திரை பற்றி மட்டும் பதில் வரவில்லை. மே, ஜூன் போயின. ஒருநாள் மாலை அவரே போன் செய்தார்.

"பெங்களூர் லெட்டர் வந்திருக்கு அண்ணாச்சி. இங்கிலீஷ்ல இருக்கு. மக வாசிப்பா. நீங்களும் கேக்கணும்லா, வாங்க."

போனேன். ஓட்டுக் கூரை போட்ட முன்னறை. கோமதிசங்கர் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். போகிற வழியெல்லாம் முத்திரை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே போயிருந்தேன். ஜெயசித்ரா என்னிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்வார் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் இன்றும் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது.

மகள் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். எழுதச் சொன்னவர் வேறொருவர் என்பதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் உண்மை அல்ல என்று தெரிந்தே கையெழுத்திட்டவர் நீங்கள். முத்திரை என்பது, யார் சொன்னாலும் தெரிந்த பொய்யில் கையெழுத்திட மாட்டார் என்று நம்பத் தக்க ஒருவருக்கு உரியது. எனவே இப்போது தர இயலாது. எக்காலத்திலும் இல்லை என்ற முந்தைய முடிவு நீக்கப்படுகிறது. இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கழித்து நீங்கள் மீண்டும் தேர்வு எழுதலாம்.

"என்னால..." என்று தொடங்கினேன்.

"சும்மா இருங்க அண்ணாச்சி" என்றார் ஜெயசித்ரா. "சரியாத்தான எழுதியிருக்காக. கை என் கைதான? முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும். நீங்க பெரியவுக, ஒங்க மூஞ்சிக்காக எழுதுனேன். இனி யார் மூஞ்சிக்காகவும் எழுத மாட்டேன்." மகள் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருசம்னா எனக்கு எத்தன வயசு?"

"முப்பத்தொம்பது" என்றாள் மகள். "கெழவி ஆயிருவ."

"போடி."

கடிதம் கிடைத்த தேதியை அதன்மேல் எழுதி வைக்க வேண்டும் என்றேன். இரண்டு ஆண்டு அதிலிருந்துதான் கணக்கு. பழக்கத்தில் என் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போய்விட்டது. ஜெயசித்ரா அதைப் பார்த்தார். மகளின் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, கடித உறையைத் தொடையில் வைத்து, தானே எழுதினார்: 2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை.